சபராளிகளின் ஆமீன்

சங்குமுனைப் புதுப் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி கிடையாது. இமாம் முன்சுவர் மாடமான மிஹ்ராபில் நின்று சாதாரணக் குரலில் ஓதினால் போதும். கடைசி வரிசையில் செருப்புப் பக்கம் நிற்பவருக்கும், மேல்தளத்தில் சல்லடைச் சுவருக்குப் பின்னால் நிற்கும் பெண்களுக்கும் காதருகே ஓதுவது போலக் கேட்கும். இதைக் கேட்பதற்கென்றே கட்டடக்கலை மாணவர்கள் பேருந்து பிடித்து வருவார்கள். வந்தவர்கள் குவிமாடத்தை அண்ணாந்து படமெடுத்து முடித்ததும், பிரியாணி எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று என்னிடம் கேட்பார்கள். என் பெயர் ஸுலைஹா. இந்தப் பள்ளியை வரைந்தவள் நான். பிரியாணிக் கடைக்கு வழி சொல்வதும் என் வேலைதான்.

வரைபடத்தைக் காட்டிய அன்று ஜமாஅத்தில் பாதிப் பேர் என்மேல் கோபமாக இருந்தார்கள். அவர்கள் மனதில் இருந்தது வளைகுடா காலண்டரில் வரும் பொன்னிறக் கும்பம், பச்சை விளக்கு போட்ட நான்கு மினாராக்கள். நான் கொடுத்தது எங்கள் கரையின் பழைய கற்பள்ளித் தூண்கள். அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, உச்சியில் உத்தரம் தாங்கும் வாழைப்பூப் போதிகை. அதன்மேல், உட்புறம் தேன்கூடாக அடுக்கிய ஒரு குவிமாடம்.

"தூணு நம்ம ஊருது, குப்பா துருக்கிது. ரெண்டும் ஒட்டுமா?" என்று கேட்டார் ஜமாஅத் தலைவர் நைனா காக்கா.

"உங்க வாப்பா தொழுத பள்ளியில இதே தூணுதான் காக்கா. பயான் நடக்கும்போது நீங்க சாஞ்சு தூங்குவீங்களே, அதே தூணு."

சிரித்துவிட்டார்கள். சிரித்தால் பாதிக் கட்டடம் எழும்பிவிட்ட மாதிரிதான். மீதிப் பாதிக்குத்தான் ஒரு வருடம் ஆனது, ஏனென்றால் அதில் பெண்கள் தளம் இருந்தது.

துருக்கியின் பழைய பள்ளிகளில் குவிமாடத்துக்குள் வெறும் மண்சாடிகளை, வாய் உள்ளே பார்க்கும்படி வைத்துப் பூசியிருப்பார்கள். குரல் அதற்குள் போய்த் தெளிந்து வரும். நான் அதையே செய்தேன். தேன்கூட்டின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு மெல்லிய ஓடு வைத்தோம். அந்த ஓடுகளைச் செய்தவர் இளம்பரிதி, சென்னையில் ஒலிப் பொறியாளர்.

"ஓடு கேக்கும் மேடம். கேட்டதை வேணும்கிற பக்கம் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான் அதோட வேலை," என்றார் பரிதி. "ஆனா கடல் காத்துல ஈரம் ஏறும், கூட்டம் கூடும் குறையும். அதனால தினமும் சுருதி சேக்கணும். எல்லாரும் சேந்து சொல்ற ஒரே சத்தம், என்னைக்கும் மாறாத சத்தம் ஒண்ணு வேணும். உங்க தொழுகையில அப்படி ஏதாவது இருக்கா?"

இருந்தது. எங்கள் கரையில் எல்லாரும் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டவழியைப் பின்பற்றுகிறவர்கள். இமாம் வாய்விட்டு ஓதும் தொழுகைகளில், குர்ஆனின் ஃபாத்திஹா அத்தியாயம் முடிந்ததும் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் சத்தமாக ஆமீன் சொல்வார்கள். 'ஏற்றுக்கொள்வாயாக' என்று பொருள். வேறு ஊர்களில் அதை மனதுக்குள் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. எங்கள் ஊரில் சுவர் அதிரும். பெண்களும் மெல்லச் சொல்வோம். சல்லடைக்குப் பக்கத்தில் இருக்கும் ஓடுகளுக்கு அதுவும் கேட்கும். பரிதி ஆமீனையே சுருதியாக வைத்துக்கொண்டார்.

திறப்பு விழாவுக்கு வெளிநாட்டில் இருந்தவர்களும் வந்திருந்ததால், முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை பிரமாதமாக முடிந்தது. மறுநாள் விடியலில் சுபுஹு தொழுகைக்கு வந்தது ஒன்றரை வரிசை. நைனா காக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"சுபுஹு ஆமீன் சோகை புடிச்ச மாதிரில இக்கிது. ஜும்ஆ மாதிரி கேக்கச் செய்ய ஏலாதா தம்பி?"

"செய்யலாம் ஐயா," என்றார் பரிதி. "ஒவ்வொருத்தர் குரலும் ஓட்டுக்கு இப்ப பழக்கம். வராதவங்க இடத்துல அது சொல்லிக்கும்."

இமாம் ஐதுரூஸ் ஆலிம்சா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என் ஓதலைத் தொடுமா?"

"தொடாது."

ஆலிம்சா தாடியைத் தடவினார். அவர் தாடியைத் தடவினால் சம்மதம் என்று ஊரில் எடுத்துக்கொள்வார்கள். அது சரியா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

எங்கள் ஊர் ஏன் இதை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சங்குமுனை சபராளிகளின் ஊர். இங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார், கொஞ்ச நாள் இருப்பார், பிறகு சபர் போய்விடுவார். ஜித்தா, துபாய், கோலாலம்பூர். பிள்ளைகள் வாப்பாவைப் பெட்டியின் நிறத்தை வைத்து அடையாளம் கண்டுகொள்ளும். வீட்டில் ஆண் இல்லை என்பது எங்களுக்கு ஒரு செய்தியே இல்லை.

அதனால் கூரை வராதவர்களுக்காகச் சொல்லத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்ததும் பெண்கள்தான். ஒருத்தி படியிறங்கி வந்து, "எங்க ஊட்டுக்காரவுஹ குரல் கேட்டிச்சு. ஜித்தாவுல இக்கிறவுஹ குரல்," என்று அழுதாள். மறுநாளிலிருந்து பெண்கள் தளத்தில் நிற்க இடமில்லை. பெண்களுக்கு எதற்குத் தளம் என்று ஒரு வருடம் மல்லுக்கு நின்றவர்களே, கொஞ்சம் பெரிதாக வரைந்திருக்கக் கூடாதா என்று என்னைக் கேட்டார்கள்.

யாராவது மவுத்தானால், அடக்கம் முடிந்ததும், பாங்கு சொல்லும் மோதினார் பரிதிக்குச் சொல்லிவிடுவார். அந்தக் குரல் கூரையிலிருந்து எடுக்கப்படும். அதுவும் மய்யித்து வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஆக, கூரையில் குரல் இருந்தால் ஆள் எங்கோ இருக்கிறார் என்று ஊர் பழகிக்கொண்டது. குரல் கேட்ட சபராளி ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் பெட்டியோடு வந்து இறங்கியும் இருக்கிறார்.

என் கணவர் சதக்கு சபர் போகாதவர். துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டில் இருந்தாலும் காலைப் பசியாற மட்டும் உம்மா வீட்டுக்குப் போய்விடுவார். நான் செய்யும் இடியப்பம் கயிறு மாதிரி இருக்கும் என்பது தாய்க்கும் மகனுக்கும் பொதுவான கருத்து. தொழுகையில் அவர் ஆமீன் எப்போதும் பிந்தி வரும். எல்லாரும் முடித்த பிறகு அவருடையது மட்டும் ஓர் இழை நீளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். "ரயிலு போன பொறவு டிக்கெட் வாங்குறவன்," என்பார் பாத்துமுத்து மாமி, அவருடைய உம்மா.

போன வருடம் இலங்கையில், புத்தளத்தில் ஒரு நிக்காஹ். மாப்பிள்ளை எங்கள் ஊர். மாப்பிள்ளையோடு ஆண்கள் ஒரு படகில் கிளம்பினார்கள், இயந்திரம் பார்த்துக்கொள்ள சதக்குவும் போனார். நடுக்கடலில் காற்று பிடித்தது. கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தார்கள். ஓர் உடல்கூடக் கரை சேரவில்லை.

செய்தி வந்த அன்று அந்தியில் மஃரிபுக்கு ஊரே பள்ளியில் வந்து நின்றது. ஆலிம்சா தழுதழுத்துக்கொண்டே ஃபாத்திஹாவை முடித்தார். ஆமீன் முழுசாக வந்தது. கடைசியில் சதக்குவின் இழை நீண்டது. என் பக்கத்தில் நின்ற மாமி தொழுகையிலேயே விம்மினார். எனக்கு எதுவும் ஆகவில்லை. கூரை நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். அதை மட்டும்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து மாமி ஒரே பேச்சு. "அவன் சபர் போயிக்கிறான்."

"மாமி, படகு கவுந்தது."

"படகுதானே கவுந்துச்சு. அவன் குரல் இக்கிதா இல்லையா? மவுத்தானவன் குரலை மோதினார் எடுத்துர்றாரு. எம்மவன் குரலை யாரு எடுத்தா?"

படகில் போன மற்றவர்களின் உம்மாக்களும் மனைவிகளும் மாமியின் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் மத்ஹபில் உடல் கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்காகத் தொழலாம். காயிப் ஜனாஸா என்போம், எதிரில் மய்யித்தைச் சுமக்கும் சந்தூக்கு இருக்காது, தொழுகை மட்டும் நடக்கும். அதைத் தொழ வீட்டார் சம்மதிக்கவில்லை. வீட்டார் சம்மதிக்காமல் மவுத் என்று தீர்ப்பு எழுதக் காஜிக்குத் தைரியம் இல்லை. தீர்ப்பு இல்லாமல் நான் இத்தா இருக்க முடியாது. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் மனைவி வீட்டோடு இருந்து துக்கம் காக்கும் காலம் அது. நான் மனைவியா விதவையா என்று எந்தக் கிதாபைத் திறந்து பார்ப்பது என்று எனக்கே விளங்கவில்லை.

மாமி தினமும் மகனின் பங்குப் பசியாறலை மூடி வைத்தார். மாலையில் அதை எடுத்துப் பூனைக்குப் போட்டார். நான் பரமக்குடிப் பேருந்து நிலையத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டேன், தூங்கினேன். ஒரு நாள் அடுப்பில் கை பட்டுத் தோல் உரிந்தது. என் உம்மாதான் பார்த்துச் சொன்னார். அல்லாஹ்மேல் கோபமா மகளே என்று அவர் கேட்டபோது, கோபமாவது இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது.

மாமிக்குப் படியேற ஒரு கை தேவை. அதற்காக மஃரிபுக்கு நானும் போனேன். வரிசையில் நின்றேன், குனிந்தேன், நெற்றியைத் தரையில் வைத்தேன். உதடு அசையவில்லை. வேண்டுமென்றே செய்தது இல்லை. அசைப்பதற்கு உள்ளேயிருந்து ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் மாலை அசர் தொழுகைக்குப் பிறகு ஐதுரூஸ் ஆலிம்சா என் வீட்டுக்கு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, தேநீரைத் தொடாமல் வைத்துக்கொண்டு பேசினார்.

"மகளே, கூரையை நிறுத்தணும்."

"ஏன் ஆலிம்சா?"

"நான் முன்னாடி நிக்கிறேன். பின்னாடி ஊரே நிக்கிற மாதிரி ஆமீன் கேக்குது. தொழுகை முடிச்சு சலாம் கொடுத்துட்டுத் திரும்பினா ரெண்டு சஃப்பு. நான் யாருக்கு இமாம்னு எனக்கே தெரியலை."

"ரெண்டு சஃப்புதானா? முன்னால மஃரிபுக்கு அஞ்சாறு வரிசை வருமே."

"வந்துச்சு. இப்ப பயலுவ கடைத்தெருவுல நின்னுக்கிட்டு, 'நாங்க வராட்டியும் எங்க ஆமீன் அங்க இக்கிது ஆலிம்சா'ங்கிறானுவ. சிரிச்சுக்கிட்டே சொல்றானுவ. எனக்குச் சிரிப்பு வரலை." நாற்காலியை முன்னுக்கு நகர்த்தும் சத்தம் கேட்டது. "அது கெடக்கட்டும். கடல்ல போனவங்க துஆ இல்லாம கெடக்குறாங்க. எந்த உம்மாக்கிட்டயும் போயி, உன் மவன் மவுத்துன்னு சொல்ல எனக்கு நாக்கு வரலை. கூரை என்னை முந்திக்கிட்டுச் சொல்லுது, இல்லைன்னு."

"நைனா காக்கா என்ன சொல்றாங்க?"

"ஊட்டு ஆளுவ சம்மதிச்சா நிறுத்தலாங்கிறாரு. ஊட்டு ஆளுவ எல்லாம் உங்க மாமி மூஞ்சியைத்தான் பாக்குறாங்க."

நான் மாமி வீட்டுக்குப் போனேன். அவர் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துருவுவதை நிறுத்தவில்லை.

"நீ கட்டின கூரை. நீ சொன்னா நிக்கும். நான் யாரு தடுக்க?" என்றார். "ஆனா நிறுத்தினா எம்மவன் மவுத்துன்னு அர்த்தம். அதை நீ உன் வாயால சொல்லு. சொல்லிட்டு நிறுத்து."

சொல்வதில் எனக்குத் தடை எதுவும் இல்லை. சொன்னால் ஏதாவது வலிக்குமா என்று பார்க்கக்கூட ஆசையாக இருந்தது. வாயைத் திறந்தேன். வரவில்லை. மாமி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னொரு மூடியை எடுத்துத் துருவத் தொடங்கினார்.

கடைசியில் ஆலிம்சா ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு குரலையும் வீட்டார் தனித்தனியே ஒரு முறை கேட்கட்டும். கேட்ட பிறகு அவர்களே முடிவு சொல்லட்டும். மாமி சம்மதித்தார். சம்மதித்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மகன் குரலை மற்றவர்கள் குரல் கலக்காமல் கேட்க ஒரு வாய்ப்பு.

பரிதி சென்னையிலிருந்து வந்தார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால், பள்ளி காலியாக இருக்கும் நேரம். ஆண்கள் கீழே தூண்களுக்கிடையில் உட்கார்ந்தார்கள். நாங்கள் மேலே சல்லடைக்குப் பின்னால். வெயில் சல்லடை வழியாக எட்டுமுனை நட்சத்திரங்களாகப் பெண்களின் மடியில் விழுந்தது. அதை வரைவதற்கு நான் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். அன்று யாரும் அதைத் தூசி மாதிரி மடியிலிருந்து தட்டிவிடாமல் இருந்ததே பெரிது.

"ரொம்ப நாளா வராத குரல்களைக் கூரை தனியா வெச்சிருக்கு," என்று கீழேயிருந்து பரிதி சொன்னார். "ஒண்ணொண்ணா விடறேன். யாரோடதுன்னு சொல்லுங்க."

முதலில் வந்தது மூக்கால் சொன்ன ஓர் ஆமீன். "எங்க மச்சான், கோலாலம்பூரு," என்று ஒருத்தி சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்தது ஜித்தா. அடுத்தது துபாய். அந்தக் குரல்களுக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு ஓர் இளங்குரல் வந்தது. மாப்பிள்ளைப் பையனின் உம்மா சல்லடையைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரை மட்டும் சொன்னார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. படகில் போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பெயர் சொல்லப்பட்டது. அடுத்தவர்.

சதக்குவின் ஆமீன் வந்தது. ஒரு சின்னச் செருமல், பிறகு குரல். நான் எதிர்பார்த்தது மாதிரி அது இல்லை. பிந்தி வரவில்லை. அதற்கு முன்னால் சொல்ல யாரும் இல்லாததால் பிந்த முடியவில்லை. வெறும் ஒரு மனிதன் ஒரு பெரிய மண்டபத்தில் தனியாக ஆமீன் சொன்ன மாதிரி இருந்தது.

"எம்மவன்," என்றார் மாமி. "இன்னொரு தரம் போடு தம்பி."

போட்டார்.

"இன்னொரு தரம்."

மூன்றாவது முறையும் முடிந்தது. ஆலிம்சா கீழேயிருந்து மெல்லக் கேட்டார். "பாத்துமுத்து லாத்தா, என்ன சொல்றீங்க?"

"என்னத்தைச் சொல்ல? நல்லாத்தான் இக்கிறான்," என்றார் மாமி. "எடுக்கக் கூடாது."

மற்ற உம்மாக்களும் முணுமுணுத்தார்கள். எடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. நைனா காக்கா எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். எனக்கு ஏமாற்றமும் இல்லை, நிம்மதியும் இல்லை.

"இன்னும் ஒண்ணு மிச்சம் இருக்கு," என்றார் பரிதி. "இது பொம்பளைக் குரல்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சல்லடைப் பக்கத்து ஓடு புடிச்சிருக்கு. படகு போன சமயத்துலேர்ந்து வரலைன்னு காட்டுது. அன்னியிலேர்ந்து கூரைதான் சொல்லிக்கிட்டிருக்கு. இறந்துபோனவங்க யாராவது எடுக்காம விட்டுப்போச்சா?"

யாரும் இல்லை என்றார்கள். சென்னைக்கு மகள் வீட்டுக்குப் போனவளா? அவள் அப்போதே திரும்பி வந்துவிட்டாள். படுத்த படுக்கையாக இருக்கும் ராவியாவா? ராவியாவின் குரல் கீச்சென்று இருக்கும். பரிதி அதை ஒலிக்கவிட்டார். தாழ்ந்த குரல். கொஞ்சம் கரகரப்பு. அடுத்த வேலை காத்திருப்பது போல வெடுக்கென்று முடியும் ஆமீன். யாரோ அவசரக்காரி என்று நினைத்தேன்.

மாமி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"இது நீ."

"நான் தினமும் வர்றேனே மாமி. உங்க பக்கத்துலதானே நிக்கிறேன்."

"நிக்கிறே. ஒரு நாளும் உன் வாய் அசையலை. நான் பாக்காமலா இக்கிறேன்?" அவர் குரலில் திட்டு இல்லை. "கேட்டா இன்னும் ஒடஞ்சி போவேன்னுதான் கேக்கலை."

பரிதி கீழே கருவியை அப்படியே வைத்துவிட்டார். பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வராதவர்களின் வரிசையில் என் குரலையும் வைத்திருந்தது கூரை. கடலில் போனவர்களுக்கு அடுத்த இடத்தில். தப்பாகச் சொல்லிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. சரியாகத்தான் வைத்திருக்கிறது என்றே தோன்றியது.

மாமி இன்னும் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் மனதுக்குள் ஏதோ மெதுவாக நகர்வது தெரிந்தது. பிறகு சல்லடையில் வாயை வைத்துக் கேட்டார்.

"தம்பி, இந்தப் புள்ள ஒரு தடவைகூடச் சொல்லலை. எனக்குத் தெரியும். சொல்லாததை அது எப்படிச் சொல்லிச்சு?"

"சொல்லியிருப்பாங்கன்னு அதுவா நெனச்சுக்கும்மா."

"உசிரோட பக்கத்துல நிக்கிறவ மனசுல என்ன இக்கிதுன்னுகூட அதுக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. குரல் மட்டும்தான் தெரியும்."

"எம்மவன் சொல்றதும் அப்படித்தானா?"

பரிதி ஆலிம்சாவைப் பார்த்தார். ஆலிம்சா தரையைப் பார்த்தார். "ஆமாம்மா," என்றார் பரிதி.

இதைத்தான் நானும் ஆலிம்சாவும் நைனா காக்காவும் எத்தனையோ முறை மாமியிடம் சொல்லியிருக்கிறோம். ஒரு முறையும் அவர் காதில் ஏறவில்லை. இப்போது ஏறியது. மாமி காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தார். முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார். அருகில் இருந்த பெண்கள் அவர் தோளைத் தொட வந்தபோது கையால் தள்ளினார். நெடுநேரம் கழித்து முக்காட்டை எடுத்தார்.

"நிறுத்திரு தம்பி. எல்லாத்தையும் நிறுத்து. ஜித்தாவுல இக்கிறவனுக்கும் வேணாம், வந்துதான் சொல்லட்டும்," என்றார். பிறகு, "ஆலிம்சா, காஜியை எழுதச் சொல்லுங்க."

மாப்பிள்ளைப் பையனின் உம்மா அப்போதுதான் வாய்விட்டு அழத் தொடங்கினார். அதன் பிறகு மற்றவர்களும். நான் மாமியைப் பிடித்துப் படியிறக்கினேன். அவர் உடம்பு முன்னைவிட எடை கூடியிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் காயிப் ஜனாஸா தொழ ஏற்பாடானது. நான் அதில் இல்லை. காஜி தீர்ப்பு எழுதியதால் என் இத்தா தொடங்கிவிட்டது. நகையில்லாமல், வெளிர் உடையில், அறைக்குள் உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து பள்ளி இரண்டு தெருத் தள்ளித்தான். பாங்கு மட்டும் மோதினாரின் வெறும் குரலில் லேசாகக் கேட்டது. அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. உள்ளே எழும் சத்தம் வெளியே போகாதபடி அந்தப் பள்ளியை வரைந்ததற்கு எனக்கு ஒரு விருதுகூடக் கொடுத்திருக்கிறார்கள்.

தொழுகை முடிந்து மாமி வந்தார். கையில் ஒரு பாத்திரம். கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் பாயில் உட்கார்ந்தார்.

"எப்படி இருந்திச்சு மாமி?"

"ஜும்ஆவுக்குக் கூட்டம் வந்திச்சு. கடைத்தெருப் பயலுவளும் வந்தானுவ. ஆனாலும் ஆமீன் இளச்சுப் போச்சு. நடுவுல நடுவுல ஓட்டை. நைனா காக்கா அழுதாஹ." பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினார். "கடைசியில எல்லாரும் முடிச்ச பொறவு காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். ஒண்ணுமில்ல. எம்மவன் நின்ன எடம் எதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"ஜனாஸா தொழுகை?"

"அதுல சத்தமா ஆமீன் ஏது? நின்னுக்கிட்டே தொழுதோம், முடிஞ்சிச்சு. நான் பெத்தவனுக்கு அவ்வளவுதான்."

வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். மாமி திடீரென்று இரண்டு கைகளையும் ஏந்தினார். எனக்குத் திருமணமான நாளிலிருந்து அவர் துஆ கேட்பதைப் பார்த்திருக்கிறேன். சதக்குவுக்கு உடம்பு சுகம் கேட்பார், பட்டறையில் வேலை வரக் கேட்பார், எங்களுக்குப் பிள்ளை கேட்பார். அன்று வேறு மாதிரி கேட்டார்.

"யா அல்லாஹ், எம்மவன் சதக்கத்துல்லாஹ் உங்கிட்ட வந்துட்டான். அவனுக்குக் கபுரும் இல்லை, கபன் துணியும் இல்லை. கடலையே அவனுக்குக் கபுராக்கி, அதை வெளிச்சமாக்கி வையி. அவன் பாவத்தை மன்னிச்சிரு. எதுலயும் பிந்தி வார பய, சொர்க்கத்துல அவனைப் பிந்த விட்டுராதே."

நிறுத்தினார். கைகளை இறக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காத்திருந்தார்.

அந்த அறையின் கூரை வெறும் கான்கிரீட். எனக்குப் பதிலாகச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. வேறு யாரும் இல்லை.

"ஆமீன்," என்றேன்.

பிந்தித்தான் வந்தது. கரகரவென்று, இழுத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இத்தனை மாதம் எங்கே இருந்ததோ தெரியவில்லை, மார்பு வலிக்க வலிக்க அழுதேன். என் புருஷர் செத்துப்போனார் என்று நானே வாயால் சொல்லிச் சொல்லி அழுதேன். மாமி கைகளை முகத்தில் தடவிக்கொண்டார். பிறகு பாத்திரத்தைத் திறந்து, இத்தனை நாள் மகனுக்கென்று மூடி வைத்துவந்த பங்கை ஒரு தட்டில் எடுத்து என் முன்னால் தள்ளினார்.

"தின்னு. உன் இடியப்பம் மாதிரி இக்காது," என்றார்.